பெடல் மெல்ல இறங்கினால் காற்று காரணமல்ல

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தாத்தா 1964இல் வாங்கிய மோரிஸ் மைனர் கார், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பதினான்கு ஆண்டுகளாக நிற்கிறது. அதை மறுபடி ஓடவைக்க ஆசைப்படுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. பிரேக்கில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நான்கைந்து முறை மிதித்தால் பெடல் பிடிக்கிறது. காலை எடுக்காமல் வைத்திருந்தால் மெல்லத் தரைவரை இறங்கிவிடுகிறது. எண்ணெயை மாற்றிக் காற்றெடுத்தால் போதும் என்கிறார் ஒருவர். சாலை வரி உட்பட எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். சரிதானா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: சரியில்லை, தம்பி. காற்றெடுப்பது, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் சொல்கிறவர் உங்கள் காருக்கு அடியில் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்திருக்கமாட்டார்.

மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்தால், குழாயில் காற்று இருக்கலாம். அல்லது சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்து, டிரம்மை விட்டு விலகியிருக்கலாம். ஆனால் மேலே வந்த பெடல், காலை எடுக்காதபோதே இறங்குகிறது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அழுத்தம் எங்கோ தப்பிப்போகிறது. ஒன்று, எண்ணெய் வெளியே ஒழுகுகிறது. இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் கெட்டு, எண்ணெய் அதைத் தாண்டிப் பின்பக்கம் ஓடுகிறது. புது எண்ணெய் ஊற்றினால் அதுவும் அதே வழியில்தான் ஓடும்.

மைனரில் இந்த மாஸ்டர் சிலிண்டரை எஞ்சின் மூடியைத் திறந்து தேடாதீர்கள். ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே காரின் அடிச்சட்டத்துக்குள் (சேசிஸ்) ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மூடி தெரியும். எண்ணெய் ஊற்றும் வாய் அதற்குக் கீழேதான். இருக்கும் இடம் இப்படி என்பதால், ஒழுகினாலும் எண்ணெய் சட்டத்துக்குள்ளேயே ஊறிக் கிடக்கும், தரையில் சொட்டாது. “ஒழுகல் இல்லை, நானே பார்த்தேன்” என்று பலர் சத்தியம் செய்வது இதனால்தான். சட்டத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பும் பெயின்ட் உரிந்த இடமும் தட்டுப்பட்டால் விடை கிடைத்துவிட்டது.

அதைக் கழற்றுவதை மட்டும் நீங்கள் செய்யவேண்டாம். அதன் போல்ட்டுகள் வெளியே வரும் வழியில், முன் சக்கரத்தின் எடையைத் தாங்கும் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கிறது. அந்தத் தண்டு முறுக்கேறிய நிலையில் இருப்பது. தவறாகக் கைவைத்தால் கை போகும். மைனர் வேலை தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் அதை ஒப்படையுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகச் சொல்லுங்கள். அடுத்த முறை தண்டைத் தொடாமலேயே கழற்றலாம்.

நான் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறேன் என்று கேட்பீர்கள். இன்றைய கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனிப் பாதைகளாக ஓடுகிறது. ஒன்று வெடித்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். உங்கள் தாத்தாவின் காரில் ஒரே பாதைதான். ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. ஹேண்ட் பிரேக் மட்டும் மிஞ்சும். அதன் கம்பியும் செம்மண் சாலையில் ஓடிய காலத்துச் சேறு ஏறி இறுகியிருக்கும்.

ஆகவே ரப்பர் உள்ள எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு வீதம் நான்கு, பின் சக்கரத்துக்கு ஒன்று வீதம் இரண்டு, மொத்தம் ஆறு வீல் சிலிண்டர்கள் (எண்ணெயின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுபவை). ரப்பர் குழாய் மூன்று. ஒழுகுகிற ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்காதீர்கள். போதாது. பழைய ரப்பர் குழாய் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். எண்ணெய் போகும், திரும்பி வராது, சக்கரம் பிடித்தபடியே நிற்கும்.

இங்கேதான் கடைக்காரர்கள் விளையாடுவார்கள். “ஒரிஜினல் இங்கிலாந்து சாமான், பழைய ஸ்டாக்” என்று தூசி தட்டி ஒரு பெட்டியை நீட்டுவார்கள். பெட்டி பழையது என்றால் உள்ளே இருக்கும் ரப்பரும் பழையதுதான். முப்பது வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர் கப்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கோடு விழும். ஒரிஜினல் என்ற சொல்லுக்கு நான் ஐந்து சென்கூடக் கொடுக்கமாட்டேன். புதிதாகச் செய்ததை வாங்குங்கள். வாங்கும் முன் முன்பக்க டிரம்மை அளந்துகொள்ளுங்கள். 1962இல் எஞ்சின் 1098 சிசி ஆனபோது முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாயிற்று. உங்களுடையது 8 ஆக இருக்கவேண்டும். “மைனர் எல்லாம் ஒன்றுதான்” என்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பிரேக் எண்ணெய், டப்பாவில் டாட் 4 (DOT 4) என்று தரம் போட்டிருப்பது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. யாராவது முன்பே சிலிக்கோன் எண்ணெய், அதாவது டாட் 5, ஊற்றியிருந்தால் இரண்டையும் கலக்கக்கூடாது. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்: டாட் 5.1 என்பது சிலிக்கோன் அல்ல, டாட் 4இன் இனம். சிலிக்கோன் ஊதா நிறத்தில் வரும், ஆனால் பழையதானால் நிறம் மங்கிவிடும், ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, காரில் இருக்கும் எண்ணெயிலிருந்து சில சொட்டு எடுத்து அந்தத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். சாதாரண எண்ணெய் கரைந்துவிடும். சிலிக்கோன் தனியாகப் பிரிந்து நிற்கும். நின்றால் குழாய்களை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் கழுவிக் காயவைத்த பிறகே டாட் 4 ஊற்றவேண்டும். என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் இரண்டில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சோதித்துவிடுங்கள். பிரேக் ரப்பரை மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் எண்ணெய் எதிலும் கழுவாதீர்கள், ஊதிப்போகும்.

இனி அந்த “எல்லாம் முடித்துத் தருகிறேன்” மனிதர். உங்கள் காரின் எண் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் பழைய பேராக் எண்ணாக இருக்கும் அல்லவா? அவர் கண் காரின் மேல் இல்லை, வேறு வண்டிக்கு மாற்றி விற்கக்கூடிய அந்த எண்ணின் மேல். முதலில் கெரானை (வண்டியின் பதிவுப் பத்திரம்) வாங்கிக்கொள்வார். பிறகு “பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது, இரும்புக் கடைக்குப் போடலாம்” என்பார். அசல் கெரானை எவர் கையிலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். தாத்தா பெயரிலேயே இருந்தால் நீதிமன்றம் தரும் நிர்வாகப் பத்திரம், இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயா நிறுவனத்தின் கடிதம் போன்ற ஒன்று இல்லாமல் பெயர் மாறாது. அந்த அலைச்சல் எனக்குத் தெரியும். என் தகப்பனார் வண்டிக்காக ஓர் அலுவலகத்தில் முதல் முகப்பு இரண்டாவதைக் கைகாட்ட, இரண்டாவது முதலாவதைக் கைகாட்டியது. மூன்றாம் நாள் கேட்டது, நான் முதல் நாளே கொண்டுபோன தாள். மக்களை இப்படி விரட்டினால் தரகர்கள் ஏன் பிழைக்கமாட்டார்கள்? இருந்தாலும் நீங்களே போங்கள்.

வேலையின்போது ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், இரும்புத் தாங்கிகளின் (ஸ்டாண்ட்) மேல் நிறுத்துங்கள். உங்கள் முற்றம் மண் தரை என்றால் தாங்கிகளுக்குக் கீழே கனமான பலகை வையுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரியுங்கள், ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதற்கு மறுபக்கம் சாட்சி சொல்லும்.

எல்லாம் பூட்டிக் காற்றெடுத்த இரவு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெடலை நன்றாக அழுத்தி, அதற்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் அடியில், ஓட்டுநர் பக்கச் சட்டத்துக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். காலையில் கட்டை தளர்ந்திருக்கிறதா, தாளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எஞ்சினைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.