சுட்ட ரொட்டிச் சாலட் கூழாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டு செய்ய முடியுமா?

ரொட்டியைச் சுட்டுத் தக்காளி, வெள்ளரியுடன் கலந்து செய்யும் சாலட் உங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் கூழாகிவிடுகிறது என்றும், ஆலிவ் எண்ணெயும் இத்தாலிய ரொட்டியும் கிடைக்காத ஊரில் அதைச் சரியாகச் செய்ய இயலுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இயலும். நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியிருக்கிறேன். மார்ச் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், அடுப்பின் முன் நெடுநேரம் நிற்க மனமில்லாத மாலைகளில் எங்கள் வீட்டில் அடிக்கடி செய்யும் இரவு உணவு இதுதான். இதற்கு வேண்டிய ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

இந்த உணவில் தக்காளியின் சாறுதான் குழம்பு. அதைக் குடிப்பதற்காகத்தான் ரொட்டி. ரொட்டி எவ்வளவு காய்ந்திருக்கிறது, எவ்வளவு சுடப்பட்டிருக்கிறது, சாற்றுடன் எப்போது சேர்கிறது என்பவற்றைக் கவனித்தால் கூழாகும் பேச்சுக்கே இடமில்லை. எண்ணெய் எந்த நாட்டுடையது என்பது அதற்குப் பிறகுதான்.

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் இதற்குப் பான்ஸனெல்லா என்று பெயர். அங்கே பழைய முறையில் ரொட்டியைச் சுடுவதில்லை. காய்ந்துபோன ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெங்காயமும் வெள்ளரியும் சேர்த்து, எண்ணெயும் வினிகரும் ஊற்றிப் பிசைவார்கள். நீங்கள் கேட்பது சுட்ட ரொட்டியில் செய்யும் வகை. நம் ஊர் ரொட்டிக்கு அதுவே பொருத்தம் என்பது என் முடிவு. டஸ்கனி ரொட்டி உப்பில்லாமல் செய்யப்படுவது, தடித்த தோலுடையது. நனைத்துப் பிழிந்தாலும் உதிரியாக நிற்கும். நம் பேக்கரி மைதா ரொட்டியை அப்படி நனைத்தால் களியாகிவிடும். அதைத் தீயில் இறுக்கித்தான் பயன்படுத்த வேண்டும். உப்பின் அளவும் இதனால் மாறுகிறது. உப்பில்லா ரொட்டிக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் உப்பு தூக்கலாகவே இருக்கும். நம் ரொட்டியில் ஏற்கெனவே உப்பும் சிறிது சர்க்கரையும் இருப்பதால், உப்பைக் குறைத்துப் புளிப்பைச் சற்று கூட்டுவதே சரி.

நான்கு பேருக்கு ஏறக்குறைய 300 கிராம் ரொட்டியும் 600 முதல் 700 கிராம் தக்காளியும் வேண்டும். தக்காளி ரொட்டியைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் மற்றவற்றைக் கண்ணளவாகவே சேர்க்கலாம். இவற்றோடு இரண்டு வெள்ளரிப்பிஞ்சு, ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம், ஒரு பூண்டுப் பல், நான்கைந்து மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், உப்பு, மிளகு, கீரை, வாசனை இலை ஆகியவை போதும்.

ரொட்டியை வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பேக்கரியில் பால் ரொட்டியோ ஸ்வீட் பிரெட்டோ வாங்காதீர்கள். அவற்றிலுள்ள சர்க்கரையால் உள்ளே காய்வதற்கு முன்பே மேல்புறம் கருகிவிடும். சால்ட் பிரெட் கேளுங்கள். துண்டு போடாமல் முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் இயந்திரத்தில் வெட்டிய மெல்லிய துண்டு இதற்கு உதவாது. கோதுமை ரொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. அது அடர்த்தியாக இருப்பதால் சாற்றில் நெடுநேரம் தாங்கும். முந்தைய நாள் ரொட்டியே சிறந்தது. அதைப் பெருவிரல் பருமனுக்கு, அதாவது இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, சுடுவதற்குச் சில மணி நேரம் முன்பே முறத்தில் பரப்பி மெல்லிய துணியால் மூடி வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படும் எங்கள் ஊரில் கோடைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுதிலேயே துண்டுகள் மேலே வறண்டு நிற்கும். ஈரக்காற்று வீசும் கடலோர ஊரில் இருப்பவர்கள் அடுப்பில் சற்று கூடுதல் நேரம் வைத்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். ரொட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பழையதாக்குவது வேறு விதமான பழமை. குளிரில் மாவுச்சத்து விரைவாக இறுகுவதால் ரொட்டி விறைக்குமே தவிர, அதிலுள்ள ஈரம் வெளியேறியிருக்காது. சூடுபட்டதும் அது மறுபடியும் மெத்தென்று ஆகிவிடும். நமக்கு வேண்டியது ஈரம் போன ரொட்டி.

சுடுவதற்குக் கரியடுப்பு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள் என்பேன். தேங்காய் ஓடு நிறையச் சேரும் ஊர் எங்களுடையது; சிரட்டையை எரியவிட்டுக் கொழுந்து முழுவதும் அடங்கி, கங்கின் மேல் வெண்சாம்பல் படிந்த பிறகு கம்பிவலையை வைக்க வேண்டும். கொழுந்து இருக்கும்போது வைத்தால் ரொட்டியில் புகைக்கரி படிந்து கசக்கும். வலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டினால் நான்கு எண்ணும் வரை தாங்க முடிகிற சூடு போதுமானது. கரியடுப்பு இல்லாதவர்கள் கனமான இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் நன்றாகக் காயவைத்துச் சுடலாம். புகைமணம் மட்டும்தான் குறையும்.

துண்டுகளின் இரு புறமும் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, முழுத் துண்டாகவே சுட வேண்டும். பலர் முதலிலேயே சிறு சதுரங்களாக நறுக்கிவிடுகிறார்கள். அது வலையின் இடுக்கில் விழும் என்பது மட்டுமன்று. எல்லாப் பக்கமும் தோல் கட்டி, உள்ளே சாறு நுழைய வழியில்லாமல் போய்விடும். முழுத் துண்டாகச் சுட்டுப் பிறகு கையால் பிய்த்தால், சுடப்பட்ட இரு பரப்புகளும் மொறுமொறுப்பாக நின்று தாங்கும்; பிய்ந்த ஓரங்களின் வழியாகச் சாறு உள்ளே இறங்கும். ஒரே துண்டில் மொறுமொறுப்பும் நனைவும் கிடைப்பது இதனால்தான். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், பொன்னிறத்தைத் தாண்டி வலைக்கம்பியின் கோடுகள் பழுப்பாக விழும் வரை சுடுங்கள். கறுத்த இடங்களைச் சுரண்டிவிடுவது நல்லது. அடுப்பிலிருந்து எடுத்ததும், சூடு ஆறுவதற்குள், தோலுரித்த பூண்டுப் பல்லை மேற்பரப்பில் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். சொரசொரப்பான ரொட்டியே பூண்டைத் துருவிக்கொள்ளும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் முறத்திலோ கம்பித் தட்டிலோ பரப்பி ஆறவிடுங்கள். அடுக்கி வைத்தால் சூட்டின் ஆவி வெளியேற வழியின்றி, பாடுபட்டு இறுக்கிய ரொட்டி தானாகவே வியர்த்து நெகிழ்ந்துவிடும். கூழாவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். பலர் இதைக் கவனிப்பதில்லை.

தக்காளி நன்றாகப் பழுத்ததாக இருக்க வேண்டும். எல்லையை ஒட்டிய வேலந்தாவளம் சந்தைக்கு இந்தப் பக்கத்துத் தோட்டக் காய்கறிகள் வந்து சேர்கின்றன. அங்கே தொலைதூரப் பயணத்துக்காகப் பறித்த கெட்டித் தக்காளியை விட்டுவிட்டு, உள்ளூரில் விற்பதற்கென்று வந்த கனிந்த நாட்டுத் தக்காளியைத் தேடி வாங்குவேன். புளிப்பும் சாறும் நிறைந்த நாட்டுத் தக்காளி முக்கால் பங்கும், சதைப்பற்றுள்ள ஹைபிரிட் தக்காளி கால் பங்கும் சேர்ந்தால் பதம் மிக நன்றாக அமையும். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள்; குளிரில் தக்காளியின் மணம் மங்கிவிடும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியை வழித்து எறிய வேண்டாம். தக்காளியின் சுவையில் பெரும்பங்கு சதையைவிட அங்கேதான் இருக்கிறது, சாறும் அங்கேதான். பெரிய துண்டுகளாக நறுக்கி, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பைத் தூவி, இருபது நிமிடம் கிண்ணத்தில் விட்டுவிடுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும்; கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தேங்கும் அந்தச் சாறுதான் இந்த உணவின் உயிர். மிகவும் கனிந்த ஒரு தக்காளியை அதிலேயே கையால் நசுக்கிவிட்டால், பின்னர் ஊற்றும் எண்ணெய் தனியே மிதக்காமல் சாற்றோடு கலந்து நிற்கும்.

அதே நேரத்தில் சின்ன வெங்காயத்தை மெல்லிய வட்டங்களாக அரிந்து வினிகரில் ஊறவையுங்கள். காரம் அடங்கி நிறமும் சிவக்கும். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்பும் வட்டாரம் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். ஆகவே புளித்த தென்னங்கள்ளில் செய்யும் வினிகரை இங்கே நான் முதலில் பரிந்துரைப்பேன். கடையில் விற்கும் செயற்கை வினிகரின் குத்தல் அதில் இல்லை. மென்மையான, லேசாகப் பழமணம் வீசும் புளிப்பு அது. கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு போதும். மாங்காய்க் காலத்தில் முதலமடைப் பக்கத்து மாங்காயைத் தீக்குச்சி போல அரிந்து ஒரு பிடி சேர்த்து வினிகரைப் பாதியாகக் குறைத்தால் இன்னொரு நல்ல வகை கிடைக்கும்.

எண்ணெயைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். எங்கள் கிழக்குப் பகுதி மழை குறைந்த, நிலக்கடலை விளையும் பூமி. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான் என் தேர்வு. தக்காளியை மறைக்காமல் கூடவே நிற்கும் மணம் அதற்கு உண்டு. நல்லெண்ணெய் எனக்கு மிகவும் பிடித்தமானதுதான். ஆனாலும் இந்தச் சாலட்டில் அது எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. ரொட்டியில் தடவிச் சுடுவதற்கு மட்டும் தேங்காய் எண்ணெய் நன்றாகவே இருக்கிறது.

கீரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 16ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த ஓவியர் புரொன்ஸீனோ கவிதையும் எழுதியவர். இந்த வகைச் சாலட்டைப் புகழ்ந்து அவர் எழுதிய வரிகளில் வெங்காயமும் வெள்ளரியும் பருப்புக்கீரையும் வருகின்றன, தக்காளி வருவதில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அப்போதுதான் ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்தது. சமையலறைக்குள் நுழையப் பின்னும் காலம் பிடித்தது. லெபனான், சிரியா பகுதிகளில் ரொட்டித் துண்டுகள் கலந்து செய்யும் பத்தூஷ் என்னும் சாலட்டிலும் இதே கீரை சேர்கிறது. அந்தப் பருப்புக்கீரைதான் நம் தோட்ட வரப்புகளில் யாரும் விதைக்காமல் படர்ந்து கிடக்கிறது. பருப்போடு கடைவதற்கு மட்டும் பயன்படுத்தி, மிஞ்சியதைக் களை என்று பிடுங்கி எறிகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தடித்த இலையும் இளந்தண்டும் பச்சையாகக் கடிக்கும்போது மொறுமொறுவென்று, இளம்புளிப்போடு இருக்கும். வறண்ட காலத்தில் இந்தச் செடி இரவில் புளிப்பைச் சேர்த்துவைத்துப் பகலில் செலவிடும் இயல்புடையது. எனவே விடியற்காலையில் பறித்தால் புளிப்பு கூடுதலாகவும், மாலையில் பறித்தால் குறைவாகவும் இருக்கும். மருந்து தெளிக்காத இடத்தில் பறித்து, பலமுறை அலசி, நுனிகளை மட்டும் கிள்ளிச் சேருங்கள். தண்டை ஒடித்துப் பார்ப்பது அவசியம்: பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அன்று, தரையோடு படரும் வேறு செடி, அதைச் சேர்க்கக் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்சலேட் மிகுந்த இந்தக் கீரையைத் தவிர்த்துவிட்டு வெள்ளரியைக் கூட்டிக்கொள்ளலாம்.

வாசனைக்கு இத்தாலியர்கள் சேர்க்கும் பேசில், நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமே. நம் செடியின் மணம் இன்னும் கூர்மையானது என்பதால் ஏழெட்டு இலை போதும். கடைசி நேரத்தில் கையால் கிள்ளிப் போடுங்கள், முன்பே நறுக்கினால் கறுத்துவிடும். துளசியை அதற்குப் பதிலாகப் போட வேண்டாம், கிராம்புக் காரம் தூக்கும். கொத்தமல்லித்தழை போட்டால் தவறில்லை, ஆனால் சுவை வேறு திசைக்குப் போய்விடும்.

இனிக் கலப்பது. வினிகரில் ஊறிய வெங்காயத்தை அந்த வினிகரோடு தக்காளிச் சாற்றில் ஊற்றி, எண்ணெயும் மிளகுத்தூளும் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். ரொட்டியைப் பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் பிய்த்துப் போட்டுக் கையால் கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளரியும் கீரையும் அதன் பிறகு. சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு இதைச் செய்தால் போதும். ஐந்து நிமிடம் கழித்து ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். நடுவில் இன்னும் வறட்சி தெரிந்தால் ஒரு கரண்டி தண்ணீரும் சில துளி வினிகரும் தெளிக்கலாம். அடியில் சாறு தேங்கி நின்றால் தனியே எடுத்துவைத்த இரண்டொரு ரொட்டித் துண்டுகளைச் சேர்க்கலாம். தக்காளிக்குத் தக்காளி சாறு மாறுபடும் என்பதால் ரொட்டியில் சிறிதளவை எப்போதும் ஒதுக்கிவைப்பேன்.

சப்பாத்தி மிஞ்சியிருந்தால் மொறுமொறுவென்று வாட்டி நொறுக்கி, பத்தூஷ் முறையில் பரிமாறும் நேரத்தில் மேலே தூவலாம். அது சாற்றைக் குடிக்காது என்பதால் ஊறவைக்கும் வேலையில்லை. பரோட்டாவில் கொழுப்பு மிகுதி, அது வேண்டாம். தயிர் ஊற்றலாமா என்று வேறு சிலர் கேட்பதுண்டு. தயிர் தக்காளிச் சாற்றை மூடிவிடும், ஆகவே மோராகப் பக்கத்தில் வைத்துக் குடிப்பதே நல்லது. இதையே முழு உணவாக்க நினைத்தால், ரொட்டி சுட்ட அதே கங்கில் பனீரையோ மீன் துண்டையோ வாட்டி உடன் வையுங்கள்.

கலந்த சாலட்டை மறுநாளைக்கு வைக்க இயலாது. பயணத்துக்கோ தோப்பில் உட்கார்ந்து உண்பதற்கோ எடுத்துச் செல்வதானால், தக்காளிக் கலவையைச் சம்படத்தில் இறுக மூடியும், சுட்ட ரொட்டியைத் துணிப்பையில் தனியாகவும், கீரையை ஈரத்துணியில் சுற்றியும் கொண்டுபோய், இலை போட்டு அனைவரும் உட்காரும் நேரத்தில் அங்கேயே கலந்துகொள்ளுங்கள்.