6 மி.மீ. அலுமினியத் தகட்டுக்கு எந்த வயர்?

கேள்வி: துவாஸில் படகு கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். 6 மி.மீ. கனமுள்ள 5083 ரக அலுமினியத் தகடுகளை மிக் (MIG) வெல்டிங், அதாவது கன் வழியாக வயரைத் தொடர்ந்து ஊட்டி ஒட்டும் வெல்டிங், செய்கிறோம். ஸ்டோரில் இருப்பது 0.8 மி.மீ. வயர். அடிக்கடி வயரைத் தள்ளும் ரோலரைத் தாண்டியதும் சுருண்டு சிக்கிக்கொள்கிறது. வெல்டை அரைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் துளைகள். சூப்பர்வைசர் 1.6 வாங்கலாம் என்கிறார். மெஷின் 250 ஆம்பியர், கன் கேபிள் 3 மீட்டர். எதை வாங்கச் சொல்ல?

பதில்: 1.2 மி.மீ. வாங்கச் சொல்லுங்கள். தகட்டின் கனத்தை மட்டும் பார்த்து வயரை முடிவு செய்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். அந்தக் கனத்துக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும், அந்த ஆம்பியரில் எந்த வயர் சீராக உருகும் என்று பார்க்க வேண்டும்.

6 மி.மீ. தகட்டுக்கு ஏறக்குறைய 190 முதல் 210 ஆம்பியர், 23–24 வோல்ட் தேவை. 1.2 வயர் சுமார் 135 ஆம்பியரிலேயே ஸ்பிரே நிலைக்கு (உலோகம் நுண்துளிகளாகப் பாயும் நிலை) வந்துவிடும். ஆகவே கையில் தாராளமான இடம் இருக்கிறது. 1.6 வயருக்கு 180 வேண்டும். 200-இல் ஓட்டினால் விளிம்பில் நிற்கிறீர்கள். கொஞ்சம் குறைந்தாலும் உலோகம் பெரிய சொட்டாக விழுந்து, தகட்டோடு உருகிச் சேராமல் மேலே படிந்துவிடும். 10 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டைப் படுக்கை நிலையில் 250–300 ஆம்பியரில் ஒட்டும்போது 1.6 அருமையான வயர். அதற்கு உங்கள் மெஷின் போதாது.

இனி 0.8. அதே அளவு உலோகத்தை ஊற்ற, 1.2 வயரைவிட 2.25 மடங்கு வேகத்தில் அது ஓட வேண்டும். வளையாமல் நிற்கும் விறைப்போ ஐந்தில் ஒரு பங்குதான். 3 மீட்டர் கேபிளுக்குள் இவ்வளவு மெல்லிய வயரை வேகமாகத் தள்ளினால் சிக்காமல் என்ன செய்யும்? அதை 1.5 முதல் 3 மி.மீ. வரையிலான மெல்லிய தகட்டுக்கு, ஸ்பூல் கன்னில் (வயர் சுருள் கன்னிலேயே இருக்கும் வகை) போட்டுப் பயன்படுத்துங்கள்.

துளைகளுக்கும் வயரின் அளவுக்கும் தொடர்பு உண்டு. ஒரே எடையில் 0.8 வயரின் மேற்பரப்பு 1.2-ஐவிட ஒன்றரை மடங்கு. ஆக்சைடும் ஈரமும் ஒட்டியிருப்பது அந்த மேற்பரப்பில்தான். ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் எளிதில் கரையும். உலோகம் உறையும்போது வெளியேற முடியாமல் குமிழியாக மாட்டிக்கொள்ளும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. குளிர்சாதன ஸ்டோரிலிருந்து எடுத்த ஸ்பூலை உடனே பிரித்தால், குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதுபோல வயரும் வியர்க்கும். முந்தின நாளே பட்டறைக்குக் கொண்டுவந்து, உறையோடு வைத்து, காலையில் பிரியுங்கள். வேலை முடிந்ததும் மெஷினிலேயே விட்டுவிடாமல், சிலிகா ஜெல் போட்ட பையில் கட்டி வையுங்கள்.

தகட்டை முதலில் அசிட்டோனால் துடைத்து உலரவிட்டு, பிறகே ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேயுங்கள். வரிசை மாறினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்துவிடுவீர்கள். கேஸ் சுத்தமான ஆர்கான், நிமிடத்துக்கு 15–20 லிட்டர். வெக்கைக்கு வைத்த ஃபேன் ஜாயின்ட் பக்கம் திரும்பியிருந்தால் அந்த ஆர்கான் அங்கே நிற்காது.

வயரை மாற்றும்போது U வடிவப் பள்ளமுள்ள ரோலர், டெஃப்லான் லைனர் (கேபிளுக்குள் வயர் ஓடும் குழாய்), அலுமினியத்துக்கான 1.2 டிப் (கன் முனையில் வயர் வெளிவரும் துண்டு) மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வயர் வகை 5183 அல்லது 5356. 4043 இந்தத் தகட்டில் வெல்டை நொறுங்க வைக்கும். சான்றிதழ் பெற வேண்டிய படகு என்றால், வயர் அளவை மாற்றுமுன் டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் செய்முறை விவரம்) தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: ரோலரை எவ்வளவு இறுக்க வேண்டும்? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஆர்க் எழாதபடி, வயர் முனையைக் காய்ந்த மரக்கட்டையில் முட்டவிட்டு டிரிக்கரை அழுத்துங்கள். ரோலர் வழுக்க வேண்டும். வழுக்காமல் வயர் சுருண்டால் இறுக்கம் அதிகம். கால் சுற்று தளர்த்தி மறுபடி பாருங்கள். எஃகு வயருக்கு வைத்த இறுக்கத்தை அப்படியே விட்டால் அலுமினிய வயர் நசுங்கி, செதில் செதிலாக உதிர்ந்து லைனரை அடைத்துவிடும். ரோலருக்கு அடியில் வெள்ளிப் பொடி சேர்ந்திருக்கிறதா என்று தினமும் ஒரு முறை பாருங்கள்.