கிளிட்ச் ஏன் வழுக்குகிறது?

கே: தோட்ட இளைஞர் மன்றத்தின் பொங்கல் விழாவுக்கு டேவானில் (மண்டபத்தில்) திரையிட ஒரு முன்னோட்டக் காணொளி செய்கிறேன். செம்பனைக் காட்டில் எடுத்த காட்சிகள். பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் கிளிட்ச் (படம் பழுதானதுபோல் உடைந்து தெரியும் எஃபெக்ட்) போட்டால் படம் உடைவதற்குப் பதில் ஜெல்லி மாதிரி ஆடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே கலங்கல். ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

ப: ஆடுவதற்குக் காரணம் கீஃபிரேம், அதாவது இந்த நேரத்தில் படம் இந்த இடத்தில் என்று நாம் வைக்கும் குறி. இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையிலுள்ள நகர்வை மென்பொருளே நிரப்பிவிடுவதால் படம் வழுக்குகிறது. கீஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து, டெம்பரல் இன்டர்போலேஷனில் ஹோல்ட் வையுங்கள். படம் குதிக்கும்.

நிறம் பிரிக்க, ஒரே கிளிப்பை மூன்று டிராக்குகளில் அடுக்குங்கள். நகல்களின் ஆடியோவை நீக்கிவிடுங்கள். மூன்றும் சேர்ந்தால் ஒலி வெடிக்கும். கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி எஃபெக்டில் கீழ்க் கிளிப்புக்குச் சிவப்பு மட்டும் 100, மற்றவை 0. நடுவில் பச்சை மட்டும், மேலே நீலம் மட்டும். மேலிரண்டின் பிளெண்ட் மோடை (கீழுள்ள படத்தோடு கலக்கும் விதத்தை) ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள். இப்போது படம் பழையபடியே தெரியவேண்டும். வெறும் நீலமாகத் தெரிந்தால் ஸ்கிரீன் விடுபட்டிருக்கிறது. பிறகு சிவப்பை இடப்பக்கம் 10 பிக்சல், நீலத்தை வலப்பக்கம் 10 பிக்சல் தள்ளுங்கள். 1920 அகலத்தில் 15 வரை போகலாம். மூன்றுக்கும் ஸ்கேலை 102 ஆக்கினால் ஓரத்தில் நிறக்கோடு எட்டிப்பார்க்காது.

படத்தைப் பட்டைபட்டையாக வெட்ட, மேலே அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழுள்ள எல்லாவற்றுக்கும் எஃபெக்ட் போடும் வெற்று அடுக்கு) போட்டு, படத்தை நகர்த்தும் ஆஃப்செட் எஃபெக்டைச் சேருங்கள். ஷிஃப்ட் சென்டரை 960இலிருந்து 1000க்கு மாற்றி, ஆஃப்செட்டுக்குள்ளேயே மெல்லிய கிடைப்பட்டையாக மாஸ்க் (எஃபெக்ட் வேலைசெய்யும் எல்லை) வரையுங்கள். மாஸ்க் ஃபெதர் தானாகவே 10இல் நிற்கும். அதை 0 ஆக்காவிட்டால் பட்டையின் ஓரம் மங்கிக் காரியம் கெடும்.

ஒவ்வொரு உடைப்பும் 3, 4 ஃபிரேம் (காணொளியின் தனித்தனிப் படம்) போதும். அதற்கு மேல் இழுத்தால் பழுதான கோப்பு என்றே நினைப்பார்கள்! செம்பனை ஓலை போன்ற நுணுக்கமான காட்சியில் நிறப்பிரிவு அவ்வளவாக எடுபடாது. வெறும் வானத்துக்கு எதிரே நிற்கும் முகத்திலோ தலைப்பு எழுத்திலோ போடுங்கள்.

கலங்கலுக்குக் காரணம் பிட்ரேட், அதாவது ஒரு நொடிக் காணொளிக்கு ஒதுக்கும் டேட்டா அளவு. முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதித்தான் கோடெக் (காணொளியைச் சுருக்கும் முறை) இடத்தை மிச்சப்படுத்துகிறது. கிளிட்சில் ஒரே நொடியில் எல்லாமே மாறுவதால் அது திணறுகிறது. எச்.264 கோடெக்கில் 16 எம்பிபிஎஸ் (நொடிக்கு 16 மெகாபிட்) வைத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும்.

இன்னொன்று. பெரிய திரையில் நொடிக்கு 3 தடவைக்கு மேல் பளிச்சிடவேண்டாம், அதிலும் சிவப்பு ஆகவே ஆகாது. ஒளி பட்டால் வலிப்பு வரக்கூடியவர்கள் கூட்டத்தில் இருக்கலாம்.

கே: ஒரு காட்சியின் நிறங்கள் அடுத்த காட்சியின் அசைவோடு உருகி ஓடும் டேட்டாமோஷை பிரீமியரிலேயே செய்யலாமா?
– வாசகி, பீடோர்

ப: அசல் டேட்டாமோஷ் அதில் வராது. வெட்டில் (காட்சி மாறும் இடத்தில்) வரும் ஐ-ஃபிரேமை, அதாவது முழுப்படத்தையும் தாங்கும் ஃபிரேமை, நீக்கினால்தான் பழைய படத்தின் மேல் புதிய அசைவு ஓடும். பிரீமியரோ எக்ஸ்போர்ட்டில் ஐ-ஃபிரேமைப் புதிதாகப் போட்டுவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் கருவியில் பி-ஃபிரேமை (B; முன்னும் பின்னுமுள்ள ஃபிரேம்களை வைத்து உருவாகும் ஃபிரேம்) 0 ஆக்கி, ஐ-ஃபிரேம் இடைவெளியைக் கூட்டி, ஏவிஐ கோப்பாக மாற்றுங்கள். வெட்டிலுள்ள ஐ-ஃபிரேமை அவிடெமக்ஸ் போன்ற கருவியில் நீக்கலாம். அந்தக் கோப்பை நேரே டைம்லைனில் போட்டால் முன்னும் பின்னும் நகர்த்தும்போது படம் மாறிமாறி வரும். ஒருமுறை வேறு கோப்பாக மாற்றிவிட்டுப் போடுங்கள்.