மறுபடி மறுபடி வரும் நோய்க்குக் கணக்கு: கேள்வி பதில்

பாலக்கோடு, ஆராய்ச்சி மாணவர்: சார், கறவை மாடுகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்தேன். சில மாடுகளுக்கு மடிநோய் மூன்று தடவை வந்தது. முதல் தடவையை மட்டும் எடுத்து காக்ஸ் மாடல் (நோய் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று ஒப்பிடும் கணக்கு) போட்டால் போதுமா?

போதாது தம்பி. ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுப் பால் காசு போகிறதே, அது கணக்கில் வர வேண்டாமா? காக்ஸ் 1972-இல் தந்த முறையை ஆண்டர்சனும் கில்லும் 1982-இல் இதற்காக விரித்தார்கள். மாட்டுக்கு ஒரே வரி எழுதாதீர்கள். 40-ஆம் நாளும் 130-ஆம் நாளும் நோய் வந்த மாட்டுக்கு மூன்று வரி: 0–40, 40–130, 130–365. நோயில் முடிந்த முதல் இரண்டுக்கு 1, நோயில்லாமல் முடிந்த கடைசிக்கு 0. வைத்தியம் நடந்த நாட்களில் புது நோயை எண்ண முடியாது என்றால் அந்த நாட்களைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. மூன்று வரியும் ஒரே மாடு. மூன்று தனி மாடுகள் என்று கணினி எடுத்துக்கொண்டால் திட்டப்பிழை (விடை எவ்வளவு தள்ளாடலாம் என்ற அளவு) பெரும்பாலும் சிறுத்துவிடும், இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் மாட்டின் எண்ணை கிளஸ்டராக, அதாவது ஒரே மாட்டின் வரிகள் ஒரே குழு என்று, கொடுங்கள்.

தருமபுரி, செவிலியர்: ஒரு தடவை இளைப்பு வந்த குழந்தைக்கு அடுத்தது சீக்கிரமே வருகிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம் அம்மா. முதல் இளைப்பே நுரையீரலைப் பலவீனமாக்கியிருக்கலாம். அல்லது அந்தக் குழந்தைக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த வாகு இருக்கலாம். முதலாவதற்கு பிரென்டிஸ், வில்லியம்ஸ், பீட்டர்சன் 1981-இல் தந்த முறை: ஒவ்வொரு தடவையும் தனி அடுக்கு (தனியாகக் கணக்கிடும் குழு), முதல் தடவை வந்த குழந்தைகள் மட்டுமே இரண்டாவது அடுக்கில். இரண்டாவதற்கு ஃப்ரெயில்டி மாடல்: ஒவ்வொரு குழந்தைக்கும் உள்ள அந்தக் கண்ணுக்குத் தெரியாத வாகையும் கணக்கில் சேர்ப்பது. மருந்துச் சோதனை என்றால் அடுக்கு முறையில் கவனம் தேவை. மருந்து எடுத்தும் இளைப்பு வந்த குழந்தைகள்தானே இரண்டாம் அடுக்குக்கு வருகிறார்கள்? குலுக்கிப் பிரித்த சமநிலை அங்கே கலைந்துவிடுகிறது.

தளி, விவசாயி: ராகிக் காட்டுக்கு யானை எத்தனை தடவை வந்தது என்று எழுதி வைத்தோம். தேதி இல்லை.

சரி, எண்ணிக்கை போதும். எண்ணிக்கைக்கான நெகட்டிவ் பைனாமியல் மாடல் போடுங்கள். காட்டோரத்து வயலுக்கும் ஊருக்குள் இருக்கும் வயலுக்கும் வித்தியாசம் அதிகம், அதை பாய்சான் (சராசரியும் ஏற்ற இறக்கமும் சமம் என்று எடுத்துக்கொள்ளும் எளிய மாடல்) தாங்காது. காவல் இருந்த நாட்களின் லாக் மதிப்பையும் ஆஃப்செட்டாகச் சேருங்கள், அப்போதுதான் நாள் கூடக்குறைய இருந்த வயல்களையும் ஒப்பிடலாம். அடுத்த போகத்தில் தேதியையும் குறியுங்கள். கதிர் பிடித்தபின் வரத்து கூடுகிறதா என்று பார்க்கலாம்.

ஓசூர், மருத்துவ மாணவி: நோயாளிக்கு எத்தனை தடவை ஆஸ்பத்திரி அட்மிஷன் என்று எண்ணும்போது, அவர் நடுவில் இறந்துவிட்டால்?

ஊரைவிட்டுப் போனவரைப் போல அவரைக் கருதக்கூடாது. இறந்தவருக்கு இனி அட்மிஷன் கிடையாது. சீக்கிரம் உயிர் பறிக்கும் சிகிச்சையும் அட்மிஷனைக் குறைத்ததுபோலத் தெரியும். கோஷும் லின்னும் 2000-இல் தந்த முறை இறப்பையும் சேர்த்துச் சராசரி எண்ணிக்கையைக் கணிக்கும். அதன் பக்கத்திலேயே இறப்பு விகிதத்தையும் கட்டாயம் போடுங்கள்.