சின்ன ரப்பர் போட்டும் காது வலிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் ஏழெட்டு மணி நேரம் இயர்பட்ஸ் காதில்தான் இருக்கும். வாங்கியபோது அதில் மாட்டியிருந்த நடுத்தர அளவு ரப்பர், வலது காதில் போட்டவுடனே சுருக்கென்று வலித்தது. அதனால் இரண்டு காதுக்கும் சின்ன அளவு மாற்றினேன். இப்போது பேசும்போது வலது பக்கம் மட்டும் கழன்று கழன்று வருகிறது. அழுத்திச் செருகினால் முன்பைவிட அதிகமாக வலிக்கிறது. ஃபோம் ரப்பர் வாங்கு என்கிறார் கணவர். எந்த வகை, எந்த அளவு வாங்குவது டாக்டர்? ஒரு மாதமாக அந்தக் காதில் அரிப்பும் இருக்கிறது. என் 7 வயது மகளும் சில நேரம் இதே இயர்பட்ஸில் பாட்டுக் கேட்கிறாள். பரவாயில்லையா?

பதில்: அரிப்பைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. புது ரப்பர் வாங்குவதற்கு முன்னால் அந்தக் காதை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் காதுக்குள் பூஞ்சை பிடிப்பது மிகவும் சாதாரணம். நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சைக்கு அது போதும். முதலில் வெறும் அரிப்பு, அப்புறம் அடைப்பு, பிறகு வலி என்று வரும். கருவியால் பார்க்கும்போது நனைந்த செய்தித்தாள் துண்டு மாதிரி வெளுப்பாக, நடுநடுவே கறுப்புப் புள்ளிகளோடு படிந்திருக்கும். சுத்தம் செய்து சொட்டு மருந்து போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை அந்தக் காதில் எதையும் செருகாதீர்கள். ஹேர்பின், வண்டிச் சாவி, பஞ்சுக்குச்சி எதுவும் வேண்டாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

சரி, இனி ரப்பருக்கு வருவோம்.

வலித்தால் சின்ன அளவுக்கு மாறுவது எல்லோரும் செய்வதுதான். செருப்புக் கடித்தால் ஒரு அளவு பெரிதாக வாங்குகிறோம், காது வலித்தால் ரப்பரை ஒரு அளவு குறைக்கிறோம். இரண்டும் ஒரே நியாயம் போலத் தோன்றும். ஆனால் காதுக் குழாயின் அமைப்பு அப்படி இல்லை. பெரியவர்களுக்கு வாசலிலிருந்து செவிப்பறை வரை சுமார் 2.5 செ.மீ. நீளம். அதில் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அங்கே தோல் கொஞ்சம் தடிப்பாக, முடியும் குறும்பிச் சுரப்பிகளும் உள்ளதாக இருக்கும், அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும். உள்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு கெட்டியான எலும்பு. அதன் மேல் தோல் மிக மெல்லியது, எலும்போடு ஒட்டியே இருக்கிறது, நடுவில் மெத்தை போல எதுவும் கிடையாது. அந்த இடத்தில் லேசாக ஏதாவது பட்டாலே சுள்ளென்று வலிக்கும். சிலருக்கு இருமல்கூட வரும். அங்கே பரவியிருக்கும் ஒரு நரம்புக் கிளை, தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் நரம்பிலிருந்து பிரிந்து வருவது என்பதால் அப்படி.

இயர்பட்ஸ் ரப்பர் உட்கார வேண்டியது வெளிப்பக்கத்து மென்மையான பகுதியில். தோராயமாகச் சொன்னால் முதல் 8 மி.மீ. தூரத்துக்குள். சரியான அளவு ரப்பர் அங்கே விரிந்து, சுவரோடு படிந்து, அதற்கு மேல் போகாமல் நின்றுவிடும். சின்ன ரப்பருக்கு அங்கே பிடிமானம் கிடைக்காது. நாம் அழுத்துவோம், அது குழாய் வளையும் இடம் வரை போய், எலும்புப் பகுதியின் ஓரத்தில் முட்டும். நீங்கள் எழுதியிருக்கும் வலி இதுதான் என்று நினைக்கிறேன். கழன்று விழுவதும் அழுத்தினால் வலிப்பதும் சேர்ந்தே இருக்கிறது என்றால், அந்தக் காதுக்கு ரப்பர் சின்னதாகிவிட்டது.

அப்படியானால் நடுத்தர அளவு ஏன் வலித்தது என்று கேட்பீர்கள். வலி எப்படி வருகிறது என்பதைக் கவனித்தால் பெரும்பாலும் பிடிபடும். ரப்பர் பெரிதாக இருந்தால் போட்டவுடன் தெரியாது. அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து வாசலைச் சுற்றி மந்தமாக, இறுகக் கட்டியது போல வலிக்கும், கழற்றினால் நிம்மதியாக இருக்கும். உங்களுக்குப் போட்டவுடனே சுருக்கென்று வலித்தது என்கிறீர்கள். அது பெரும்பாலும் கோணத்தின் கோளாறு. காதுக் குழாய் நேர்க்கோட்டில் போவதில்லை, லேசாக நெளிந்து போகிறது. நேராகக் குத்தினால் முனை ஒரு பக்கச் சுவரில் இடிக்கும். தோல் ஏற்கெனவே புண்ணாகத் தொடங்கியிருந்தாலும் இதே மாதிரி வலிக்கும். அதனால்தான் முதலில் காதைக் காட்டச் சொன்னேன்.

காது குணமானதும் போடும் முறையை மாற்றிப் பாருங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் மெதுவாக இழுங்கள். குழாயின் நெளிவு கொஞ்சம் நேராகும். வலது கையால் இயர்பட்ஸை வாசலில் வைத்து, லேசாகத் திருகியபடி உட்கார வையுங்கள். பிறகு மடலை விட்டுவிடுங்கள். குழாய் பழைய நிலைக்குத் திரும்பும்போது ரப்பரைத் தானே கவ்விக்கொள்ளும். கழற்றும்போதும் மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். நன்றாக அடைத்திருக்கும் ரப்பரை வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறையும் சேர்ந்து உறிஞ்சப்படுவது போல வலிக்கும்.

பெட்டியில் மூன்று ஜோடி கொடுக்கிறார்கள் என்பதால் ஒரே ஜோடியை இரண்டு காதிலும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருவருடைய இரண்டு காதுக் குழாய்களே ஒன்றுபோல் இருப்பதில்லை. குறுக்குவெட்டும் வட்டமாக இருக்காது, நீள்வட்டமாகத்தான் இருக்கும். இடது பக்கம் சின்னது, வலது பக்கம் நடுத்தரம் என்று போட்டுக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. அளவின் பெயரையும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொரு நிறுவனத்தின் பெரியதாக இருக்கும்.

பேசும்போதுதான் கழல்கிறது என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. சுண்டுவிரல் நுனியைக் காது வாசலில் மெதுவாக வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், சுவர் அசைவது விரலுக்குத் தெரியும். கீழ்த்தாடை எலும்பின் முனை, காதுக் குழாயின் முன் சுவருக்கு நேர் முன்னால் இருக்கிறது. வாய் அசையும் ஒவ்வொரு தடவையும் குழாயின் வடிவம் மாறும். ஆகவே உங்களைப் போலப் பேசியே வேலை செய்பவர்கள், ரப்பரைச் சும்மா உட்கார்ந்து சோதிக்கக் கூடாது. போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்கள். ஒரு கொட்டாவி விடுங்கள். அதற்கும் நகராமல், வலிக்காமல் இருந்தால் அதுதான் உங்கள் அளவு.

சரியாக அடைக்கிறதா என்று பார்க்க மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். வலந்தலையின், அதாவது வலது பக்கத்தின், கணீர் ஒலி எப்படிப் போட்டாலும் கேட்கும். தொப்பி எனும் இடது பக்கத்தின் கனத்த ஒலி, ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் காணாமல் போய்விடும். விரலால் இயர்பட்ஸை லேசாக அழுத்தும்போது அந்தக் கனம் திடீரென்று கூடுகிறது என்றால், ரப்பர் சரியாக அடைக்கவில்லை. ஏர்பாட்ஸ் ப்ரோ போன்ற சிலவற்றில் இதை போனே சோதித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. அதுவும் பயன்படும், ஆனால் வலிக்கிறதா இல்லையா என்று போனால் சொல்ல முடியாது.

சரியாக அடைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வது பாட்டின் சுகத்துக்காக இல்லை. இடைவெளி வழியாக வெளிச்சத்தம் உள்ளே வரும், கனத்த ஒலி வெளியே போகும். கை தானாக ஒலியைக் கூட்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 4 மணி நேரம்தான். நீங்கள் வேலைக்காக மட்டுமே வாரம் 40 மணி நேரத்தை ஒட்டிக் கேட்கிறீர்கள். உங்களுக்கு ஒலியைக் கூட்ட இடமே இல்லை. உள் காதின் நுண்ணிய முடி செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி வளராது. இரவு படுக்கும்போது காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், கேட்கும் திறனைச் சோதித்துவிடுவார்கள்.

அடைப்பு சரியாக அமைந்தால் முதல் நாள் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். அது பிடிக்காமல் பலர் பாதி வெளியே இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள், பிறகு ஒலியைக் கூட்டுகிறார்கள். இயர்பட்ஸில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருந்தால் பேசும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோம் பற்றி: உங்கள் கணவர் சொல்வது பொதுவாகச் சரிதான். ஃபோம் உடல் சூட்டில் இளகி நீள்வட்டத்துக்கு ஏற்றபடி படியும், தாடை அசைவுக்கும் ஈடுகொடுக்கும். விரலால் உருட்டிச் சுருக்கி, மடலை இழுத்துப் பிடித்துப் போட்டு, 20 முதல் 30 விநாடி வரை விரலால் தாங்கினால் உள்ளே விரிந்துகொள்ளும். ஆனால் அது ஈரத்தைக் குடிக்கும், சோப்புப் போட்டு அலச முடியாது. பூஞ்சை பிடித்திருக்கக்கூடிய காதுக்கு அது வேண்டவே வேண்டாம். காது முழுதாகக் குணமான பிறகு ஆசைப்பட்டால் வாங்குங்கள். அழுத்தினால் பழையபடி எழும்பாத ஃபோமைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். இப்போதைக்குச் சிலிகான் போதும். இரண்டு மூன்று அடுக்கு வைத்த ரப்பர் ஆழமாகப் போகக்கூடியது, உங்களுக்கு ஒத்துவராது. வாங்கப் போகும்போது இயர்பட்ஸையும் அதன் பெட்டியையும் எடுத்துப் போங்கள். மாட்டிய பிறகு இழுத்துப் பாருங்கள், எளிதில் கழன்றுவரக் கூடாது. பெட்டி மூடுகிறதா என்றும் பாருங்கள், உயரமான ரப்பர் பெட்டிக்குள் அடங்காது. ரப்பர் தளர்வாக இருந்து காதுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று வருபவர்களைப் பார்க்கிறேன். அப்படி ஆனால் வீட்டில் நோண்டாதீர்கள். எங்களிடம் வந்தால் பெரும்பாலும் ஒரு நிமிட வேலை.

வாரத்துக்கு இரண்டு முறையாவது சிலிகான் ரப்பரைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த கையோடு இயர்பட்ஸ் போடாதீர்கள், காது உலரட்டும்.

என் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். நாளுக்கு எட்டு மணி நேரம் காதுக்குள் செருகும் எதையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, அது எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும். அலுவலகத்தில் காதின் மேல் அமரும் ஹெட்செட் கேளுங்கள், பேருந்துப் பயணத்துக்கு மட்டும் இயர்பட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது கழற்றி வையுங்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் யாருக்காவது இரவில் தூங்க முடியாத காது வலி வந்தால், இயர்போன் வலி என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள். அவர்களுக்குக் காதுக் குழாய்த் தொற்று எலும்பு வரை பரவும் ஆபத்து இருக்கிறது.

மகளுக்கு இந்த இயர்பட்ஸ் வேண்டாம். உங்கள் காதில் இருப்பது பூஞ்சையோ வேறு தொற்றோ, ரப்பர் வழியாக அவள் காதுக்கும் போகலாம். பெரியவர்களுக்காகச் செய்த ரப்பர் 7 வயதுக் காதில் சரியாக அடைக்கவும் அடைக்காது, அவளும் ஒலியைக் கூட்டத்தான் செய்வாள். குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு, 75 டெசிபல். பயணத்தில் கட்டாயம் தேவைப்பட்டால், ஒலியை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி செய்த குழந்தைகளுக்கான ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் அதுவும் எதற்கு? ஸ்பீக்கரில் போட்டு விடுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.