அணைத்த நட்சத்திரம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. இரண்டு வருடத்துக்கு முன் சொந்த வீடு கட்டினோம். பிரதிஷ்டை அன்று சபைப் போதகர் ஐயர் ஒவ்வொரு அறையாக வந்து ஜெபித்தார்கள், பாடகர் குழு பாடியது, சபையே வந்து சாப்பிட்டது. அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் 12 குடும்பங்களை விருந்துக்கு அழைத்தேன், இரண்டு குடும்பம்தான் வந்தது. எல்லாருக்கும் பொறாமை என்கிறாள் என் தங்கை. ஹாலில் இத்தாலியன் மார்பிள் போட்டிருக்கிறோம், அதைக் காப்பாற்றுவதே பெரும் பாடு. வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ் வந்தபோது இரவு மணி ஒன்று. நாற்பது பேர் தெரு மண்ணோடு ஏறினால் தரை என்னாகும் என்று வாசல் நட்சத்திரத்தை அணைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருந்துவிட்டோம். அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், படுக்கச் சொன்னேன். மற்றபடி வருகிறவர்களை நன்றாகத்தான் கவனிப்பேன். இந்த வருடம் வெள்ளையும் தங்க நிறமுமாக ஒரே தீமில் அலங்கரித்து மறுபடி அழைக்கலாம் என்றிருக்கிறேன். என்ன செய்தால் வருவார்கள்? இன்னொரு வருத்தம், பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 8. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு பேரும் தூங்குவதுபோல் நடிக்கிறார்கள். ஆலோசனை சொல்லுங்கள்.

பதில்:

தங்கச்சி, அக்டோபர் பிறந்தாலே இந்த மாதிரிக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். புது வீடு, அழகான ஹால், அழைத்தும் வராத உறவு. எல்லாக் கடிதத்திலும் பொறாமை என்ற சொல் ஒரு தடவையாவது இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொறாமைப்படுகிறவர்கள் கட்டாயம் வருவார்கள். வந்து எல்லா அறையையும் பார்த்து, டைல்ஸ் என்ன விலை, கதவு என்ன மரம் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வராமல் இருப்பவர்கள் வேறு ஏதோ காரணத்துக்காக வரவில்லை. அந்தக் காரணத்தை நீயே எழுதியிருக்கிறாய். "மற்றபடி நன்றாகத்தான் கவனிப்பேன்" என்று அடுத்த வரியில் அதன்மேல் ஒரு துணியும் போட்டு மூடியிருக்கிறாய்.

நட்சத்திரத்தை அணைத்தாயே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தீம், திரைச்சீலை எல்லாம் பிறகு.

கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கியதும் நம் பக்கம் தெருவுக்குத் தெரு நட்சத்திரம் கட்டுகிறோமே, எதற்கு? மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார். கிழக்கிலிருந்து வந்தவர்கள் யூதர்கள் அல்ல, முன்பின் தெரியாதவர்கள். அவர்களுக்கு வழி காட்டி, பிள்ளை இயேசு இருந்த இடத்துக்கு மேலே வந்து நின்றது நட்சத்திரம். அவர்கள் நுழைந்த இடத்தை மத்தேயு வீடு என்றே சொல்கிறார். மரியாள் அவர்களை உள்ளே விட்டாள். வாசலில் நட்சத்திரம் கட்டுகிற ஒவ்வொரு வீடும் தெருவில் போகிறவனைப் பார்த்து "இங்கே வரலாம்" என்று சொல்கிறது. நீயும் சொன்னாய். ஆட்கள் தெருமுனை திரும்பியதும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டாய்.

அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? வரிசையாக நட்சத்திரம் எரிகிற தெருவில் ஒன்று மட்டும் சட்டென்று அணைந்தால் நாற்பது பேரில் ஒருவர் கண்ணிலுமா படாது? எட்டு மணிக்குக் கோயிலில் ஜெபித்துவிட்டுக் கிளம்பி, வீடு வீடாக நின்று பாடி, தொண்டை கட்டி, பனியில் நனைந்து வருகிற பிள்ளைகள் அவர்கள். ஒருவன் கீபோர்டைச் சுமந்து வருவான். ஒருவன் கிறிஸ்மஸ் தாத்தா உடையில் வேர்த்து வழிந்து நிற்பான். பாடி முடித்ததும் பெரியவர் ஒருவர் அந்த வீட்டாரின் பேர்களைக் கேட்டு, பேர் பேராகச் சொல்லி ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். உன் வீட்டு வாசலில் நின்று யார் பேரைச் சொல்லி ஜெபிப்பது? அவர்கள் தாண்டிப் போனார்கள். மறுநாள் விடிவதற்குள் சபையில் பாதிப் பேருக்குச் செய்தி போயிருக்கும். சில நாள் கழித்து உன் விருந்து அழைப்பு வருகிறது. அழைக்கப்பட்ட 12 குடும்பங்களில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்.

இன்னொன்றும் நினைத்துப் பார். வீடு பிரதிஷ்டை அன்று உன் ஹாலில் நின்று பாடியவர்கள் யார்? இதே பாடகர் குழு. இந்த வீடு ஆண்டவருக்கு என்று சபை நடுவே சொல்லித்தானே சாவியை வாங்கினாய்? அந்த வாக்கு நடுராத்திரி ஒரு மணிக்குச் செல்லாதா?

நேரத்தைக் காரணம் சொல்வாய் என்று தெரியும். லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஒரு கதை இருக்கிறது. பாதிராத்திரியில் ஒருவன் வந்து கதவைத் தட்டி அப்பம் கேட்கிறான். உள்ளே இருப்பவன், கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், தொந்தரவு செய்யாதே என்கிறான். நீ எழுதியதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்த மனிதன் வாயைத் திறந்து பதில் சொன்னான், கடைசியில் எழுந்து வந்து கொடுக்கவும் செய்தான். நீ ஆள் இல்லாததுபோல் இருந்துவிட்டாய்.

தரைக்கு வருகிறேன். கடலை எண்ணெய் சிந்திய பழைய சிமெண்ட் தரையில் வளர்ந்த நமக்குப் பளபளப்பான தரைமேல் ஆசை இருப்பது தப்பில்லை. சிக்கனமாக இருந்து கட்டிய வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதும் ஒரு பெண்ணின் நல்ல குணம்தான். மணல் மார்பிளைக் கீறும் என்பதும் உண்மை. தெரு மண்ணோடு வருகிற காலுக்கு என்ன செய்வது என்பதற்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. பரிசேயனாகிய சீமோன் வீட்டு விருந்தில் இயேசு அவனைக் கடிந்துகொண்டது எதற்கு? நான் உன் வீட்டுக்குள் வந்தேன், என் காலுக்கு நீ தண்ணீர் தரவில்லை என்றார். வீடு சரியில்லை, சாப்பாடு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. மண் பட்ட காலோடு வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் வைக்காததைத்தான் முதலில் சொன்னார். தண்ணீர் கொடுக்க வேண்டிய இடத்தில் நீ விளக்கை அணைத்தாய்.

வாசல் குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் வை. படியில் தேங்காய்நார் மிதியடி போடு. ஹாலில் இரண்டு பெரிய ஜமக்காளத்தை விரித்துவிட்டால் கீறலும் இல்லை, பயமும் இல்லை. மார்பிளுக்கு உண்மையான எதிரி எலுமிச்சைச் சாறும் புளியும் வினிகரும்தான். அது சுண்ணாம்புக் கல் இனம், புளிப்பு பட்ட இடம் அரித்து மங்கிப்போகும். வருகிறவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுக்காமல் சுக்கு காபி கொடு, தரையும் தப்பும், பாடுகிற தொண்டைக்கும் இதம். நாற்பது பேருக்கு ஆளுக்கு 100 மில்லி என்றால் நான்கு லிட்டர். அரைக் கிலோ கருப்பட்டி, நன்றாகத் தட்டிய சுக்கு, கொஞ்சம் மல்லி, நாலைந்து மிளகு. முன்னிரவிலேயே காய்ச்சி வடிகட்டி பெரிய பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடலாம். கூடக் கொடுக்க முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் முன்கூட்டியே செய்து டின்னில் போட்டு வைத்தால் கெடாது. ஒரு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்ய உனக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. சபைக்கே சாப்பாடு போட்டவள் நீ. உன் மனசில் ஒரு கணக்கு மாறியிருக்கிறது. உனக்கு வசதியான நாளில், நீ தேர்ந்தெடுத்த குடும்பங்கள், நீ சொன்ன நேரத்துக்கு வந்து உன் வீட்டைப் பார்க்க வேண்டும். தானாக வாசலுக்கு வருகிறவர்கள் தொந்தரவு. வேதம் உபசரிப்பு என்று சொல்வது இரண்டாவது வகை ஆட்களை வரவேற்பதைத்தான், தங்கச்சி. முறுமுறுக்காமல் செய்யுங்கள் என்று பேதுரு சேர்த்துச் சொன்னதே அவர்கள் கேட்காத நேரத்தில் வருவார்கள் என்பதால்தான் என்று நான் நம்புகிறேன்.

நம் திருநெல்வேலிச் சபை எப்படி வளர்ந்தது என்று உன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாயா? 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானது, விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டு, இருந்த ஊரில் இருக்க முடியாமல் போன குடும்பங்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்றுதான். 1830-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் ஏற்பட்டதும், இப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத்தான். யாரோ இடம் கொடுத்ததால் பிழைத்த சபை இது. இன்றைக்கும் அசனம் என்கிற சபை விருந்தில் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட சபையில் பிறந்தவள் கதவைத் திறக்கத் தரையைக் காரணம் சொல்லலாமா?

இனி உன் பிள்ளைகள். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் தூங்குவதுபோல் நடிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறாய். வாசலில் ஆட்கள் நிற்கும்போது சத்தம் காட்டாமல், தூங்குகிற வீடுபோல் இருந்தால் போய்விடுவார்கள் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அந்த ராத்திரி அவர்களும் விழித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நாற்பது பேர் பாடுகிற சத்தத்தில் எந்தக் குழந்தை தூங்கும்? வேண்டாதது வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம், அது பொய்யும் ஆகாது என்று அம்மா அப்பாவைப் பார்த்துப் படித்தார்கள். படித்ததை ஜெப நேரத்தில் செய்கிறார்கள். இதில் அவர்களைக் கண்டிக்க உனக்கு இன்று வாயில்லை. முதலில் அவர்களை உட்காரவைத்து, "அன்றைக்கு நாங்கள் செய்தது தப்பு" என்று அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொல்லுங்கள். சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற வீட்டில் பிள்ளைகள் ஜெபிக்க உட்காருவார்கள்.

அப்பாவும் என்று சொன்னேன். நாலு பக்கக் கடிதத்தில் உன் வீட்டுக்காரர் அந்த ராத்திரி என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. குடும்பத் தலைவன் என்றால் வாசலுக்குப் போய் நிற்க வேண்டியவன். உள்ளே கூப்பிட முடியாத நிலை என்றால், காய்ச்சலில் பிள்ளை கிடந்தால், கேட் அருகே போய் "தம்பி, வீட்டில் சுகமில்லை, ஒரு சரணம் பாடி ஜெபித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லாமல் அவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டு.

உன் அத்தையை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாயே, எதற்கு எழுந்தார்கள் என்று யோசித்தாயா? எத்தனை வருடக் கிறிஸ்மஸுக்கு அவர்கள் வாசலில் விளக்கோடு நின்று கேரல் பாடுகிறவர்களை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள்! புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போகத்தான் எழுந்தார்கள். மருமகள் படுக்கச் சொன்னாள், படுத்துவிட்டார்கள். மகன் வீட்டில் அவர்களுக்கு அவ்வளவுதான் உரிமை என்று அந்த நிமிடம் தெரிந்துகொண்டிருப்பார்கள். வயதானவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள். தன் வீடு என்று நினைத்து ஒருவரை "வாங்க" என்று கூப்பிடுகிற உரிமையையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் அவர்களும் ஒரு விருந்தாளிதான்.

வெள்ளையும் தங்க நிறமும் என்று கேட்டாய். வைத்துக்கொள், நன்றாகத்தான் இருக்கும். ஒரே ஒரு மாற்றம், கிறிஸ்மஸ் குடிலை மட்டும் அத்தை கையில் விட்டுவிடு. அவர்கள் வைக்கோலும் செம்மண்ணும் கேட்பார்கள், முளைப்பாரிபோல் கேழ்வரகு விதைத்துப் பச்சையாக வளர்க்க வேண்டும் என்பார்கள். உன் தீமோடு ஒத்துப்போகாது. போகாவிட்டால் பரவாயில்லை.

விருந்து அழைப்பு இந்த வருடம் வேண்டாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவரைப் பார். நீயும் உன் வீட்டுக்காரரும் அத்தையும் சேர்ந்து போங்கள், வாட்ஸ்ஆப்பில் எழுதாதே. போன வருடம் நாங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டே விளக்கை அணைத்தோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல். மார்பிள் கதை சொல்லாதே. இந்த வருடம் எங்கள் பகுதிக்கு எந்த நாள் வருகிறீர்களோ அந்த ராத்திரி கடைசி வீடாக எங்கள் வீட்டை வையுங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று கேள். கடைசி வீடு என்றால் மணி இரண்டு ஆகலாம். இட்லியும் சாம்பாரும் போதும், மாவை முதல் நாளே ஆட்டி வைத்துவிடு. அவர்கள் உடனே சரி என்று சொல்லாமலும் போகலாம். அப்படியானால் அடுத்த ஞாயிறும் போய்க் கேள்.