லீகா: லாட்வியப் பெயரின் பொருளும் எழுதும் முறையும்

கேள்வி: அண்ணன் மணக்கப்போகும் பெண் லாட்வியாவைச் சேர்ந்தவர், பெயர் லீகா. மொழிபெயர்ப்புச் செயலி 'விளையாட்டு லீக்' என்கிறது. உண்மைப் பொருள் என்ன? அழைப்பிதழில் எப்படி அச்சிடுவது?

பதில்: செயலி காட்டுவது லாட்விய மொழியில் அதே எழுத்துகளில் அமைந்த வேறொரு சொல். அண்ணியின் பெயருக்கும் அதற்கும் உறவில்லை.

ஜூன் 23 அங்கே லீகோ திருநாள். கோடையின் மிகக் குறுகிய இரவையொட்டி வரும் விழா அது. ஊரே நெருப்பு மூட்டி, பெண்கள் பூமுடியும் ஆண்கள் ஓக் இலைமுடியும் சூடி, விடியும்வரை பாடுவார்கள். நம் ஓடப்பாட்டின் 'ஏலேலோ' போல அந்தப் பாடல்களில் 'லீகோ, லீகோ' என்று திரும்பத் திரும்ப வரும். அதன் வினைச்சொல்லான 'லீகுவாட்' என்பதற்கு அசைந்தாடுதல், லீகோ பாடிக் கொண்டாடுதல் என இரு பொருளும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பெயர்தான் லீகா. இல்ஸே என்பது எலிசபெத்தின் லாட்விய வடிவம். அப்படிக் கிறிஸ்தவத்தோடு வந்த பெயர்கள் அங்கே ஏராளம். லீகா அந்த மண்ணிலேயே பிறந்தது. அதனாலேயே தனி அழகு அதற்கு.

தமிழில் 'லீகா' என்றே அச்சிடுங்கள். 'லிகா', 'லைகா' இரண்டும் பிழை. முதல் அசையை நீட்டி அழுத்த வேண்டும். ககரம் 'தங்கம்' என்பதில் ஒலிப்பதுபோல. கடைசி உயிர் உண்மையில் குறில்தான், ஆனால் 'லீக' என்று எழுதினால் நம் கண்ணுக்குப் பெயராகவே படாது. முன்னால் தலைப்பெழுத்து போடாதீர்கள், அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை; குடும்பப் பெயரை முழுதாகப் பின்னால் எழுதுங்கள். அப்பா 'பேர்ஸிஞ்ஷ்', மகள் 'பேர்ஸிஞா' என்று வந்தால் திருத்திவிட வேண்டாம். குடும்பப் பெயரும் ஆண்பால் பெண்பாலுக்கு ஏற்ப ஈறு மாறும்.

விமானச் சீட்டில் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் பெயரின் ஐ எழுத்துக்கு மேலே நெடில் குறிக்கும் கோடு இருக்கும்; கீழே இயந்திரம் படிக்கும் வரிகளில் அது இருக்காது. அந்த வரிகளில் உள்ளபடி எல், ஐ, ஜி, ஏ என நான்கே எழுத்துகள் போதும். நெடிலுக்காக இரண்டு 'ஈ' சேர்த்தால் சீட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாது.

லாட்விய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் பெயர்கள் உண்டு; அந்தப் பெயர் உள்ளவரை அன்று வாழ்த்துவார்கள். லீகாவின் பெயர் நாளும் ஜூன் 23தான். அன்று வாழ்த்த அழைப்பு தேவையில்லை. பூங்கொத்து கொடுத்தால் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்கட்டும். இரட்டைப்படை அங்கே துக்கத்துக்கு உரியது.